சிமெண்ட் மூட்டையில் ஒரு கடற்கரை ஊர்

மகாராஜபுரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். மேற்கே சதுரகிரி மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். வாசலில் எம்-சாண்ட் குவியல், அதன்மேல் ஏறி விளையாடும் பிள்ளைகள், திண்ணையோரம் தார்ப்பாய் போர்த்திய சிமெண்ட் மூட்டைகள். அந்த மூட்டையில் எழுதியிருப்பதை நின்று வாசிக்கிறவர்கள் குறைவு. விலையைப் பார்ப்போம், எந்த வாரம் தயாரானது என்று பார்ப்போம். மீதி எழுத்தைக் கண் தாண்டிப் போய்விடும்.

ஒருமுறை நின்று வாசியுங்கள். பல மூட்டைகளில் 'போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்' என்று இருக்கும். கடையிலும் வேலையிடத்திலும் சுருக்கமாக 'பி.பி.சி.' என்பார்கள். அந்தப் பெயருக்குள் இரண்டு கடற்கரைகள் இருக்கின்றன. போர்ட்லேண்ட் என்பது இங்கிலாந்தின் தென்கரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு தீவு. லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் தன் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இறுகியபின் அது போர்ட்லேண்டில் வெட்டியெடுக்கும் கட்டடக் கல்லைப் போலத் தெரிந்ததால் அந்தப் பெயரையே வைத்தார். பொசோலானா என்ற சொல் அதைவிடப் பழையது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பொட்சுவோலி என்ற துறைமுக ஊரின் பெயர்தான் திரிந்து அப்படி ஆனது. பொட்சுவோலி மண் என்று பொருள்.

கடலையே பார்க்காத ஒரு மலையடிவாரத்து ஊரின் சுவர்களில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் ஒரு கடற்கரை ஊரின் பெயர் எப்படி வந்து சேர்ந்தது? அந்த ஊருக்கு ஒரு நடை போய்வந்தால் தெரியும்.

மிளகு போய்ச் சேர்ந்த துறை

நேப்பிள்ஸிலிருந்து ரயிலேறினால் அரைமணி நேரத்துக்குள் பொட்சுவோலி. மீன்பிடிப் படகுகள், பக்கத்துத் தீவுகளுக்குப் போகும் கப்பல்கள், மேட்டில் பழைய கோட்டைப் பகுதி, காற்றில் அவ்வப்போது கந்தக வாடை. ரோமானியர் காலத்தில் இதன் பெயர் புத்தியோலி. 'சின்னக் கிணறுகள்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நாற்றத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். கந்தக ஊற்றுகள் கொப்பளிக்கும் இடம் என்பதால் இரண்டுமே பொருந்தும்.

ஓஸ்தியாவுக்குப் பக்கத்தில் ரோமின் புதிய துறைமுகங்கள் எழும்வரை, கிழக்குத் திசைச் சரக்கெல்லாம் இங்கேதான் இறங்கியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த மிளகு, மேற்குக் கரையிலிருந்த முசிறித் துறையில் கப்பலேறும். பருவக்காற்றோடு அரபிக்கடலைக் கடந்து செங்கடல் துறைகளில் இறங்கும். ஒட்டகத்தின் முதுகில் பாலைவனத்தைத் தாண்டி, நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியா போகும். அங்கிருந்து மறுபடி கப்பல். கடைசித் துறை புத்தியோலி. வழியிலிருந்த பெரனிகே என்ற செங்கடல் துறையில் அகழாய்வு செய்தபோது, ஒரு கோயிலில் இந்தியப் பானையொன்று கிடைத்தது. அதற்குள் 7.5 கிலோ மிளகு, இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் உருக்குலையாமல் இருந்தது.

திரும்பி வந்த கப்பல்கள் பொன்னும் திராட்சை மதுவும் கொண்டுவந்தன. மது வந்தது இரண்டு காது வைத்த கூர்முனைச் சாடிகளில். புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டிலும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரிலும் அந்தச் சாடிகளின் உடைசல்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒருவகை ஓட்டை உடைத்துப் பார்த்தால் கறுப்புப் பொடி மின்னும். நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சுற்றியுள்ள குயவர்கள் களிமண்ணோடு கலந்த எரிமலை மணல் அது. பொட்சுவோலிப் பக்கத்து எரிமலை மண் சிமெண்ட் மூட்டையில் பெயராக வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சாடியின் உடம்பாகத் தமிழ்க் கரைக்கு வந்துவிட்டது.

அவ்வளவு கப்பல் வந்து போகும் ஊருக்கு அலையைத் தடுக்கும் சுவர் வேண்டும், கப்பல் அணையும் மேடை வேண்டும். கடலுக்குள் அதை எப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் மூட்டைப் பெயரின் கதை தொடங்குகிறது.

தண்ணீருக்குள் இறுகாத சுண்ணாம்பு

சிமெண்ட் வருமுன் உலகம் முழுவதும் கட்டடத்தைப் பிடித்துவைத்தது சுண்ணாம்புதான். நம் ஊர்ப் பெரியவர்கள் சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்தவர்கள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ கரியோடு அடுக்கிச் சுடுவார்கள். ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் 'புஸ்' என்று சீறி, கொதித்து, மாவாக உதிரும். நீற்றுவது என்றும் தாளிப்பது என்றும் சொல்வது இதைத்தான். அந்த மாவை மணலோடு குழைத்துப் பூசினால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, நாளடைவில் மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடும். கல்லை மாவாக்கி, வேண்டிய வடிவத்தில் வைத்து, திரும்பவும் கல்லாக்கும் வித்தை இது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் ஏறத்தாழ 192 அடி உயரம். அதுபோன்ற கோபுரங்களின் மேல்நிலைகளைச் செங்கல்லால் எழுப்பி, சுண்ணாம்புக் காரையால் பூசி, சுதையால் உருவங்கள் செய்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்துக் காரையை அரைத்ததை நம் பக்கத்து முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் இந்தச் சுண்ணாம்புக்கு ஒரு குறை உண்டு. இறுகுவதற்குக் காற்று வேண்டும். கனமான சுவரின் நடுவில் காற்று புகாது. அங்கே காரை ஆண்டுக்கணக்கில் இளகியே கிடக்கும். தண்ணீருக்கடியில் வைத்தாலோ இறுகவே இறுகாது, கரைந்து போய்விடும். கடலுக்குள் சுவர் கட்ட இது உதவாது.

பொட்சுவோலிக் கொத்தர்களுக்கு வழி காட்டியது அவர்கள் காலடியில் கிடந்த சாம்பல் நிறப் பொடி. ஊரே ஒரு எரிமலையின் வாய்க்குள் இருக்கிறது. எப்போதோ அது கக்கிய சாம்பல், மலை மலையாகப் படிந்து கிடந்தது. அந்தப் பொடியைச் சுண்ணாம்போடு சேர்த்தபோது கலவை தண்ணீருக்குள்ளேயே இறுகியது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர், இந்தப் பொடியின் குணத்தையும் அதை வைத்துக் கடலுக்குள் கட்டும் முறையையும் எழுதிவைத்திருக்கிறார். கிணற்றுக்கு உறை இறக்குவதுபோல, மரச் சட்டங்களால் ஆன பெட்டியைக் கடலுக்குள் இறக்குவார்கள். சுண்ணாம்பும் சாம்பலும் குழைத்த காரையையும் உடைகல்லையும் அதற்குள் கொட்டி இடித்து நிரப்புவார்கள். கடல்நீர் சுற்றிலும் நிற்க, உள்ளே அது கல்லாகிவிடும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த அறிஞர் பிளினி, புத்தியோலிப் பொடி அலையில் பட்டவுடன் ஒரே கல்லாகி நாளுக்கு நாள் உறுதிப்படுவதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பொடிக்கு அவ்வளவு மதிப்பு. இன்றைய இஸ்ரேல் கரையிலுள்ள சிசேரியாவில் ஏரோது மன்னர் துறைமுகம் கட்டியபோது, நேப்பிள்ஸ் வளைகுடாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சாம்பல் போயிருக்கிறது. அங்கே கடலடியில் துளைபோட்டு எடுத்த மாதிரிகளைச் சோதித்துத்தான் இதை உறுதி செய்தார்கள்.

சாம்பலுக்குள் என்ன இருக்கிறது?

ஆற்று மணலும் எரிமலைச் சாம்பலும் வேதியியல் கணக்கில் நெருங்கிய உறவு. இரண்டிலும் நிறைந்திருப்பது சிலிக்கா. பின் ஏன் மணல் சுண்ணாம்போடு சும்மா கிடக்கிறது, சாம்பல் மட்டும் வினைபுரிகிறது?

விடை, குளிர்ந்த வேகத்தில் இருக்கிறது. மணல் துகளில் சிலிக்கா அணுக்கள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசைபோல ஒழுங்காக, ஒன்றோடொன்று இறுகக் கைகோத்து நிற்கின்றன. அந்த வரிசையைச் சுண்ணாம்பால் கலைக்க முடியாது. எரிமலையிலிருந்து பீறிடும் உருகிய பாறை, காற்றில் பட்டதும் நொடியில் குளிர்ந்துவிடுகிறது. அணுக்கள் வரிசைக்கு வருமுன் உறைந்துபோகின்றன. மணியடித்ததும் ஓடிவந்த பிள்ளைகள் அங்கங்கே நின்றபடியே சிலையானதுபோல. இப்படி ஒழுங்கில்லாமல் உறைந்த பொருளைத்தான் கண்ணாடி என்கிறோம். எரிமலைச் சாம்பல் முக்கால்வாசியும் நுண்ணிய கண்ணாடித் தூள்தான்.

ஒழுங்கில்லாத அணுக்களின் பிடி தளர்ந்திருக்கும். நீற்றிய சுண்ணாம்பின் காரம் பட்டதும் அவை கழன்று வரும். சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து புதிய பிசினாக மாறும். துகளுக்குத் துகள் பற்றிக்கொண்டு இறுகும். இதற்குக் காற்று தேவையில்லை. வேண்டியது தண்ணீர் மட்டுமே. இந்த வினைக்கும், இப்படி வினைபுரியும் எல்லாப் பொடிகளுக்கும் அறிவியல் பொட்சுவோலியின் பெயரையே வைத்துவிட்டது.

அதிசயம் அதோடு முடியவில்லை. மேரி ஜாக்சன் என்ற நிலவியலாளரும் அவர் குழுவினரும் பழைய ரோமானியக் கடற்சுவர்களின் உட்பகுதியை எடுத்து ஆராய்ந்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுவர் கட்டி முடித்தபிறகும் கடல்நீர் அதற்குள் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஊறிய நீர் மிச்சமிருந்த சாம்பலைக் கரைத்து, டோபர்மோரைட், ஃபிலிப்சைட் என்ற கனிமப் படிகங்களாகச் சந்துபொந்துகளில் வளர்த்திருக்கிறது. இன்று நாம் கட்டும் கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கடல்நீர் எமன். உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கம்பியே இல்லாத அந்தப் பழைய சுவரை அதே கடல்நீர் வலுவாக்கியிருக்கிறது.

எரிமலை இல்லாத நாட்டில்

நம் பக்கம் எரிமலை கிடையாது. ஆனால் மண்ணைச் சுடும் சூளைகள் உண்டு. களிமண்ணைச் செங்கல்லாகச் சுடும்போது அதன் கனிமங்களின் ஒழுங்கு குலைந்துவிடும். அதனால் செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்த்தாலும் எரிமலைச் சாம்பல் செய்யும் வேலை நடக்கும். எரிமலை எட்டாத இடங்களில் ரோமானியர்களும் ஓட்டுத்தூளையே கலந்தார்கள். இந்தியா முழுவதும் அதற்குப் பெயர் சுர்க்கி. நம் கொத்தனார்கள் வாயில் அது சுருக்கி. தளவரிசை ஓடு பதிக்குமுன் மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளங்கள் நம் ஊர்ப் பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மழை ஒழுகாமல், வெயில் இறங்காமல் காத்தவை அவை. அந்தக் கட்டைகளின் தாளத்துக்கடியில் நடந்ததும் பொட்சுவோலி வினைதான்.

இதன் மாபெரும் சாட்சி நம் மலைத்தொடரின் மறுபக்கத்தில் நிற்கிறது. முல்லைப் பெரியாறு அணை. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அணை அது. பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில், காட்டுக் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் பலியானவர்கள் போக எஞ்சியவர்கள் கட்டி முடித்தார்கள். கல்லையும் மணலையும் அங்கே பிடித்துவைத்தது சுண்ணாம்பும் சுர்க்கியும். பல பத்தாண்டுகளாக ஊடுருவிய நீரில் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து கசிந்ததும் உண்மை. 1930-களில் துளைபோட்டுச் சிமெண்ட் பால் செலுத்தினார்கள். 1979-க்குப் பிறகு கான்கிரீட் தொப்பியும் எஃகு வடங்களும் பின்பக்கக் கான்கிரீட் தாங்கலும் சேர்த்து வலுப்படுத்தினார்கள். சிமெண்ட் இந்த நாட்டில் அரிதாக இருந்த காலத்தில், ஒரு காட்டாற்றைத் திருப்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரைச் சீமைக்கும் அனுப்பிய சுவர், செங்கல் பொடியை நம்பி எழுந்தது.

நம் பக்கத்து வத்திராயிருப்பு வயல்களிலும் ஒரு பொசோலானா விளைகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் உமியில் சேர்த்துவைக்கும். உமி கையில் கீறுவது அதனால்தான். அதை அளவான சூட்டில் எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பத்தில் எட்டொன்பது பங்கு சிலிக்கா. அதுவும் ஒழுங்கு குலைந்த சிலிக்கா என்பதால் சுண்ணாம்போடு நன்றாகச் சேரும். உமிக்கரியால் பல் தேய்த்த தலைமுறைக்கு அந்தக் கரகரப்பு நினைவிருக்கும்.

பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் இரண்டு தேங்காய்ச் சிரட்டை போதும். ஒன்றில் நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து வையுங்கள். மற்றொன்றில் சுண்ணாம்போடு, துணியில் சலித்த செங்கல் தூளைக் குழைத்து வையுங்கள். இரண்டையும் ஈரச் சாக்கால் மூடி இரண்டு வாரம் கழித்துத் தண்ணீருக்குள் போட்டுப் பாருங்கள். ஒன்று குழைந்து உதிரும், மற்றது நிற்கும். சுண்ணாம்பு கண்ணிலும் கையிலும் படாமல் பெரியவர்களே கலந்து கொடுக்க வேண்டும்.

ஏறி இறங்கும் ஊர்

பொட்சுவோலிக்குத் திரும்புவோம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பழைய ரோமானியச் சந்தைக் கட்டடம் பள்ளத்தில் கிடக்கிறது. அதில் மூன்று பளிங்குத் தூண்கள், ஒவ்வொன்றும் 40 அடிக்கும் மேல். அடியிலிருந்து 12 அடிவரை தூண் வழவழப்பாக இருக்கிறது. அதற்குமேல் 9 அடி உயரத்துக்கு முழுவதும் சல்லடைத் துளை. கடலில் வாழும் ஒருவகைச் சிப்பி, அமிலம் சுரந்து சுண்ணாம்புக் கல்லைத் துளைத்து உள்ளே குடியிருக்கும். தூணைத் துளைத்தது அந்தச் சிப்பிதான்.

தரையில் நிற்கும் தூணில், ஆள் உயரத்துக்கு மேலே கடற்சிப்பி எப்படி ஏறியது? தூண் சாயாமல், உடையாமல் கடலுக்குள் முங்கி, ஆண்டுக்கணக்காக அங்கே இருந்து, மறுபடி வெளியே வந்திருக்கிறது. அடிப்பகுதி அப்போது மண்ணுக்குள் புதைந்திருந்ததால் சிப்பி தொடவில்லை. ஊர் முழுவதும் இறங்கி ஏறியிருக்கிறது என்பதே இதன் பொருள். நிலவியலின் முன்னோடி சார்லஸ் லைல் 1828-இல் இந்தத் தூண்களை வந்து பார்த்தார். 1830-இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலின் முகப்பில் இவற்றின் படத்தையே வைத்தார். நிலம் அசையாதது என்று நம்பியிருந்த உலகத்துக்கு, மனித வரலாற்றின் காலத்துக்குள்ளேயே அது ஏறி இறங்குகிறது என்று காட்ட அவருக்கு மூன்று தூண்கள் போதுமாயிருந்தன.

அந்த அசைவு இன்றும் நிற்கவில்லை. பொட்சுவோலியைச் சுற்றி 12 முதல் 15 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்திருக்கும் எரிமலைப் பள்ளத்துக்கு 'எரியும் வயல்கள்' என்று பெயர். இத்தாலிய மொழியில் கம்பி ஃப்ளெக்ரேய். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பும் 15,000 ஆண்டுகளுக்கு முன்பும் பெரிதாக வெடித்த இடம் அது. 1538 செப்டம்பரில் நிலம் பல மீட்டர் உப்பி, வெடித்து, ஒரு வாரத்துக்குள் 'புதுமலை' என்றொரு குன்றையே எழுப்பியது. 1970-இல் பழைய மேட்டுப் பகுதியைக் காலி செய்தார்கள். 1982 முதல் 1984 வரை தரை ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்தது. படகுகள் அணைய முடியாத அளவுக்குத் துறையின் ஆழம் குறைந்தது. சுமார் 40,000 பேர் வீடு விட்டு வெளியேறினார்கள். 2005 முதல் தரை மறுபடி உயர்ந்துகொண்டிருக்கிறது. 2024 மே மாதம் 4.4 அளவுள்ள நிலநடுக்கம் வந்து மக்கள் தெருவில் கூடாரம் போட்டுத் தூங்கினார்கள்.

இவ்வளவு உப்பியும் ஏன் 1984-இல் வெடிக்கவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் தித்சியானா வனோரியோ. பொட்சுவோலியில் வளர்ந்து, இளவயதில் அந்த வெளியேற்றத்தைக் கண்டவர். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாறை இயற்பியல் ஆய்வாளரானார். ஆழ்துளைகளிலிருந்து எடுத்த பாறைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒன்றோடொன்று பின்னிய நுண்ணிய நார்கள் தெரிந்தன. ரோமானியக் காரையில் இருப்பவை போன்ற நார்கள். பூமிக்கடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை எரிமலைச் சூட்டில் வேகிறது. காளவாயில் நடப்பதுபோலவே கரியமில வாயு பிரிய, சுண்ணாம்பு கரைந்த வெந்நீர் மேலேறுகிறது. மேலே இருக்கும் சாம்பல் அடுக்கில் அது கலந்து இறுகுகிறது. மனிதக் கை படாமல் பூமியே தனக்கு ஒரு கான்கிரீட் மூடி போட்டுக்கொண்டிருக்கிறது. நார் பின்னிய அந்த மூடி, சட்டென்று பிளக்காமல் வளைந்து கொடுத்திருக்கிறது. வனோரியோவும் அவருடைய சக ஆய்வாளரும் இதை 2015-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

அந்த மூடி என்றைக்கும் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதனால்தான் ஊரை இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். ஆனால் பொட்சுவோலிக் கொத்தர்கள் கரையில் நின்று குழைத்த கலவையும், அவர்கள் நின்ற தரைக்குக் கீழே பூமி குழைத்த கலவையும் ஒன்றே என்று தெரிந்தபோது, ஆய்வாளர்களே வியந்துதான் போனார்கள்.

நம் எரிமலை எங்கே?

நம் பக்கத்து ராஜபாளையத்தாருக்குச் சிமெண்ட் புதிதல்ல. 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாதான் 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸையும் தொடங்கினார். இன்றைய ராம்கோ அது. விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே துளுக்கபட்டியில் 1960-களின் தொடக்கத்தில் முதல் ஆலை எழுந்தது. அந்த இடமே பிறகு ராமசாமிராஜா நகர் ஆனது. பந்தல்குடி வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல் அதற்கு உணவு.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் 1450 டிகிரிவரை சுட்டால் கிளிங்கர் என்ற கருமையான உருண்டைகள் கிடைக்கும். அதைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு அரைத்தால் சாதாரண சிமெண்ட். ஆனால் அந்தச் சூட்டுக்கு எரியும் நிலக்கரி ஒருபக்கம், வெந்த கல்லிலிருந்து பிரியும் வாயு மறுபக்கம் என்று, ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கும் மேல் கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. உலகம் முழுவதும் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டால் வருகிறது.

இங்கேதான் பழைய சாம்பல் கைகொடுக்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 1979-இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அதுபோன்ற நிலையங்களில் எரியும் இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாம்பல்தான். கொதிகலனில் நிலக்கரியோடு இருக்கும் களிமண் துகள்கள் உருகி, புகையோடு மேலேறி, நொடியில் குளிர்கின்றன. எரிமலையில் நடந்த அதே கதை. குளிரும்போது மழைத்துளிபோல உருண்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் கோலிக்குண்டுகளாகத் தெரியும். நம் ஊரில் இதை 'ஃப்ளை ஆஷ்' என்றே சொல்கிறோம். குளங்குளமாகத் தேங்கினால் காற்றையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும் கழிவு இது. கிளிங்கரோடு சேர்த்து அரைத்தால் பொசோலானா. பி.பி.சி. மூட்டையில் 15 முதல் 35 விழுக்காடுவரை இந்தச் சாம்பல் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவுக்குக் கிளிங்கர் குறைகிறது. அந்த அளவுக்கு வானத்துக்குப் போகும் வாயுவும் குறைகிறது.

'சாம்பல் கலந்த சிமெண்ட்' என்றதும் கலப்படம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. முதல் சில நாளில் அது மெதுவாகத்தான் பலம் பெறும் என்பது உண்மை. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது ஒரு பகுதி சுண்ணாம்பு சும்மா மிஞ்சும். சாம்பல் அந்த மிச்சத்தைத் தேடித் தேடிப் பிடித்துப் பிசினாக்கும். அதற்கு நாள் பிடிக்கும். மாதங்கள் போனபின், நுண்துளைகள் அடைபட்டு, தண்ணீரும் உப்பும் எளிதில் புகாத கான்கிரீட்டாக அது நிற்கும். ஒரே ஒரு நிபந்தனை: அந்த நாட்களில் ஈரம் காயக் கூடாது. ஈரம் போனால் வினை நின்றுவிடும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் என்றால், இதற்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். 14 நாள் காட்டுவது நல்லது என்கிறது தர விதி. மலைக்காற்றும் கோடை வெயிலும் சேர்ந்து உலர்த்தும் நம் ஊரில் 14 நாள் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மகாராஜபுரத்தில் தளம் போட்ட மறுநாள் மாலை, மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். தூண்களில் சாக்கைச் சுற்றி, சித்தாள் அக்கா குடத்தோடு ஏறி ஊற்றிக்கொண்டிருப்பார். "ஈரம் காயாமப் பாத்துக்கங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கொத்தனார் சைக்கிள் ஏறுவார். வீட்டுக்காரருக்கு அது தலைவலியாகத் தெரியலாம். மூன்றாம் நாளே போதும் என்று தோன்றலாம்.

அப்போது பொட்சுவோலியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கொத்தர்கள் கலவையைக் கொட்டிவிட்டுக் கரையேறிய பிறகு, தண்ணீர் காட்டும் வேலையைக் கடல் எடுத்துக்கொண்டது. ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு நாள்கூட விடாமல் அது ஊற்றிக்கொண்டிருக்கிறது. கல்லும் இறுகிக்கொண்டே இருக்கிறது. நம் தளம் கேட்பது 14 நாள்.